தடம் சொல்லும் பொய்

காஷ்மீர் போய்வந்த மயிலாப்பூர், தி.நகர் குடும்பங்களின் போட்டோக்களில் குல்மார்க் கேபிள் கார் தவறாமல் இருக்கும். அதன் இரண்டாம் கட்டம் 2005-இல் திறந்தது. கோங்டோரியிலிருந்து அபர்வட் மலையில் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிடங்களில் ஏற்றிவிடுகிறது. நம்மவர்கள் பனியை அள்ளி எறிந்து விளையாடிவிட்டு இறங்கிவிடுவார்கள். பனிச்சறுக்குக்காரர்கள் சிலரோ சறுக்குப் பகுதியின் எல்லைக்கு அப்பால், யாரும் பராமரிக்காத செங்குத்துச் சாய்வுகளுக்குப் போகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே ஹாபத்குத் பகுதியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். உள்ளூர் வழிகாட்டிகள் உடன் இருந்தும் இது நடந்தது. இதை விதி என்றோ இயற்கையின் சீற்றம் என்றோ சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பனிச்சரிவில் சிக்கி இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அதைக் கிளப்பிவிட்டவர் அவரே, அல்லது கூட வந்தவர். பல நாடுகளின் விபத்துப் பதிவுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்.

காரணம் மலையின் வடிவத்தில் இருக்கிறது. வாணலி போலக் குழிந்த மலைமடிப்பில், முகட்டுப் பனியைக் காற்று வாரிக்கொண்டுவந்து கொட்டுகிறது. அது இறுகிப் பலகை போலாகிறது. அடியில் குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி, சர்க்கரைப் பருக்கைகள் போல ஒட்டாமல் கிடக்கலாம். அந்தப் பலகையின் மேல் ஓர் ஆளின் எடை விழுந்தால் போதும், அது கழன்று சரியும். 30 முதல் 45 பாகைச் சாய்வில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. நம் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ அதன் தொடக்கம். சறுக்குவதற்கு மிகவும் சுகமான சாய்வும் அதுவே என்பதுதான் வம்பு.

‘முன்னால் நாலு பேர் போனார்களே, ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். பலகையின் கனம் எங்கும் ஒன்றல்ல. ஐந்தாவது ஆள் மெல்லிய இடத்தில் மிதித்தால் முழுச்சாய்வும் கழன்றுவிடும். முன்னவர்களின் தடம் தரும் தைரியம் பொய். பெசன்ட் நகர்க் கடலிலும், அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் சில சமயம் உள்ளே இழுக்கும் நீரோட்டத்தின் வாய். புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சமிக்ஞைக் கருவி இருக்கிறதே என்பது அடுத்த வாதம். வேண்டியதுதான், ஆனால் சுமார் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. மோதலில் அடிபட்டு இறப்பவருக்கு அந்தக் கருவியால் பயனே இல்லை.

அப்படியானால் தடைசெய்துவிடலாமே? குல்மார்க்கைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பனிதான் குளிர்காலச் சோறு. அரசு எச்சரிக்கைகளும் பரந்த பகுதிக்கும் உயரத்துக்கும்தான் பொருந்தும். இன்று நீங்கள் இறங்கப்போகும் மடிப்பைப் பற்றி அவை தனியே சொல்வதில்லை. மேலே நிற்பவர்தான் அளந்து பார்க்க வேண்டும். புதுப்பனி விழுந்த மறுநாள், 30 பாகைக்குக் குறைந்த, தலைக்கு மேலேயும் செங்குத்தில்லாத சாய்வாகப் பார்த்து இறங்கலாம். அதை அளக்கும் சாய்வுமானி இப்போது கைபேசியிலேயே இருக்கிறது.