நூலகத் தளத்தில் தேடினால் 'முடிவுகள் இல்லை' என்று வருகிறதா? இதைச் செய்து பாருங்க!

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து, தொலைதூரக் கல்வி ப்ராஜெக்டை ஆரம்பிக்கிறீர்கள். தலைப்பு, 'ஸ்ரீபெரும்புதூர் ஒப்பந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கை நிலை'. நூலகத் தளத்தில் இதை அப்படியே டைப் செய்தால், 'முடிவுகள் இல்லை'. தலைப்பையே மாற்றிடலாமா என்று தோன்றும். அவசரப்படாதீங்க!

ஏன் கிடைக்கலை?

கூகுள் பக்கத்தின் உள்ளே இருக்கும் சொற்களையும் தேடும். நூலகப் பட்டியலில் பெரும்பாலும் தலைப்பு, ஆசிரியர், பொருள் போன்ற விவரங்கள்தான் இருக்கும். உங்கள் சொல்லும் அதில் உள்ள சொல்லும் பொருந்தணும். அதனால் நீளமான வாக்கியம் வேண்டாம். இரண்டு முக்கியச் சொற்கள் போதும்.

ஒரே ஊர், பல பெயர்

ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீபெரும்பூதூர், திருப்பெரும்புதூர் என மூன்று விதமாகவும் தேடுங்கள். ஆங்கில எழுத்திலும் போட்டுப் பாருங்கள்.

மாவட்டப் பெயரிலும் சிக்கல் உண்டு. காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கு முன் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் அது 'சிங்கிள்புட்'. 1879-ல் வெளியான க்ரோலின் மாவட்டக் கையேட்டுக்கும் அதுதான் தலைப்பு. 'காஞ்சிபுரம்' என்று மட்டும் தேடினால் அந்த நூல் கண்ணில் படாமலே போகலாம்.

சொல்லைச் சுருக்குங்க

'தொழிலாளர்களின்' என்பதற்குப் பதில் 'தொழிலாளர்' என்று போடுங்கள். பல தளங்களில் சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி சேர்த்தால், அந்தச் சொல்லில் தொடங்கும் எல்லாமே வரும். இரண்டு சொல் சேர்ந்தே வரணும்னா, இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

ஒன்று கிடைத்தால் போதும்

பொருத்தமான ஒரு நூல் சிக்கியதும், அதன் விவரப் பக்கத்தில் 'பொருள்' பகுதியில் உள்ள சொல்லைக் கிளிக் செய்யுங்கள். அதே பொருளில் பதிவான மற்ற நூல்களும் வரிசையாக வரும்.

எங்கே தேடலாம்?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளுக்கு 'சோத்கங்கா' தளம் இருக்கிறது, இலவசம்தான். அதில் ஒரு நல்ல ஆய்வேடு கிடைத்தால், கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பாருங்கள். அடுத்து எதைத் தேடணும் என்று அதுவே சொல்லிவிடும். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

தேடிய சொற்களை மொபைலில் குறித்து வையுங்கள். அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குறிப்போடு நூலகரிடம் போங்க. எதையெல்லாம் தேடியாச்சு என்று தெரிந்தால், அவருக்கும் வேலை சுலபம்.