கடுகு இலைக்கருகல் நோய்

கடுகு இலைக்கருகல் நோய் அல்லது ஆல்டர்னேரியா கருகல் என்பது கடுகுச் செடியின் இலை, தண்டு, காய் ஆகியவற்றைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் ஆகும். ஆல்டர்னேரியா பிராசிக்கே என்னும் பூஞ்சையே இதன் முதன்மைக் காரணி. இதற்கு நெருங்கிய இனமான ஆல்டர்னேரியா பிராசிசிகோலாவும் இந்நோயை உண்டாக்குகின்றது. முட்டைக்கோசு, பூக்கோசு முதலிய அதே குடும்பப் பயிர்களும் இவற்றின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன.

தமிழ்நாட்டில் கடுகு தாளிப்புப் பொருளாகவே பெரிதும் அறியப்படுகின்றது. ராஜஸ்தான், அரியானா, உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலோ அது குளிர்காலத்தில் விளையும் முக்கிய எண்ணெய் வித்து. இந்தியாவில் இந்நோயினால் 47% வரை விளைச்சல் இழப்பு பதிவாகியுள்ளது.

அறிகுறிகள்

முதலில் அடி இலைகளில் சிறிய பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். அவை விரிந்து, ஒன்றனுள் ஒன்றாக அமைந்த வளையங்களைக் கொண்ட வட்டங்களாகின்றன. சுற்றிலும் மஞ்சள் நிற விளிம்பு காணப்படும். பின்னர் புள்ளிகள் ஒன்றுசேர்ந்து இலை கருகி உதிர்கின்றது. தண்டிலும் காயிலும் கரும்புள்ளிகள் உண்டாகும். காய் தாக்கப்படும்போதே இழப்பு மிகுதி. விதைகள் சுருங்கி, எண்ணெய் அளவும் குறைந்துவிடும்.

அதே வயலில் அடிக்கடி காணப்படும் வெண்துரு நோயுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. வெண்துருவில் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைக் கொப்புளங்கள் எழும். அதன் காரணி உண்மையான பூஞ்சையே அன்று. ஆதலால் அதற்குரிய மருந்தும் வேறு.

பரவும் முறை

குளிர் நாடுகளில் நோயுற்ற விதையும் அறுவடைக்குப் பின் எஞ்சும் செடிக்கழிவுமே பூஞ்சையை அடுத்த பருவத்துக்குக் கொண்டுசெல்கின்றன. வட இந்தியச் சமவெளியில் நிலைமை சற்று மாறானது. மே, சூன் மாதங்களின் கடும் வெப்பத்தில் கழிவிலும் சேமித்த விதையிலும் உள்ள பூஞ்சை பெரும்பாலும் அழிந்துவிடுகின்றது. எனவே பருவமல்லாத காலத்தில் பயிரிடப்படும் கடுகு, கோசு வகைகள், களைகள் ஆகியவற்றிலிருந்து காற்றில் வரும் வித்துகளே அங்கு நோயின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. விதைநேர்த்தியை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதற்கு இதுவே காரணம்.

மிதமான வெப்பமும் 90 விழுக்காட்டிற்கு மேற்பட்ட ஈரப்பதமும் இலைமேல் தங்கும் பனிநீரும் நோய்க்கு ஏற்றவை. விதைத்த 45ஆம் நாளையும் 75ஆம் நாளையும் ஒட்டிய காலங்கள் நெருக்கடியானவை. முன்னது இலைகளுக்கும் பின்னது காய்களுக்கும் உரியது. வானிலைத் தரவுகளிலிருந்து நோயின் தொடக்கத்தை முன்கணிக்கும் சமன்பாடுகளும் உருவாக்கப்பட்டுள்ளன.

மேலாண்மை

செலவில்லாத முதல் வழி காலத்தே விதைத்தல் ஆகும். அக்டோபரில் விதைத்த பயிரைவிட நவம்பரில் தாமதமாக விதைத்த பயிரில் நோய் கூடுதல். அதன் இளங்காய்கள் நோய்க்கு ஏற்ற வானிலையில் சிக்கிக்கொள்கின்றன. பொட்டாசியம் உரம் இடுதல், நெருக்கமாக விதைக்காமை, பூக்கும் பருவத்திற்குப் பின் மிகைப் பாசனத்தைத் தவிர்த்தல் ஆகியனவும் பயன் தரும்.

ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து தெளிப்பது நீண்டகாலமாக வழக்கிலுள்ளது. ஐப்ரோடியோன் இந்நோய்க்கு எதிராக வலிமை மிக்கது. எனினும் நச்சுத்தன்மை குறித்த ஐயங்களால் ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டுக்கும் ஒப்புதலைப் புதுப்பிக்கவில்லை. ராஜஸ்தானின் பரத்பூரில் 1993ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடுகு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில், 1% பூண்டுச் சாறும் டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையும் நல்ல பலன் அளித்தன. சிறு உழவருக்குப் பூண்டுச் சாறு எளிதில் கைக்கு எட்டும் வழி என்பதால் இது கவனத்திற்குரியது. எதனைத் தெளித்தாலும், புள்ளிகள் காய்க்கு ஏறுமுன் தெளிக்க வேண்டும்.

எதிர்ப்புத்திறன்

இந்தியக் கடுகில் இந்நோய்க்கு வலுவான எதிர்ப்புத்திறன் கொண்ட வகை எதுவும் கண்டறியப்படவில்லை. வெண்கடுகும் கேமலினா என்னும் செடியும் நன்கு தாக்குப்பிடிக்கின்றன. கேமலினா தாக்கப்படும்போது கேமலெக்சின் என்ற பூஞ்சை எதிர்ப்புப் பொருளைச் சுரக்கின்றது. இச்செடிகள் கடுகுடன் இயல்பாக இனக்கலப்பு ஆவது அரிது. ஆகையால் உயிரணுக்களை ஆய்வகத்தில் இணைத்து வெண்கடுகின் பண்பை இந்தியக் கடுகிற்குக் கொண்டுவரும் முயற்சிகள் இந்தியாவில் மேற்கொள்ளப்பட்டுள்ளன.