கடனும் நிலமும்: ஏதென்சும் எருசலேமும் சேர்வராயன் மலைக்குச் சொல்வது

சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கியவர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்னின் பெயர் சொல்லப்படுகிறது. ஏற்காட்டுத் தோட்டங்களில் களையெடுத்துப் பழம் பறித்த கைகளுக்கு அவ்வரலாற்றில் பெயரில்லை. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை முடிக்காவிட்டால் அவரைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிசெய்தது. தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் அதனைத் தங்கள் கருவியாக்கிக்கொண்டனர். கடன் இவ்வாறு விலங்காயிற்று.

அந்த ஆட்சியாளர்கள், தங்கள் நாகரிகம் கிரேக்க அறிவிலும் எபிரேய அறத்திலும் வேரூன்றியது எனப் பெருமை கொண்டவர்கள். அவ்விரு வேர்களும் கடனைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் என்ன கூறின என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது.

முதலில் ஏதென்சு. அங்கே கடனைத் திருப்பித் தர இயலாத உழவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டனர். கொந்தளிப்பு முற்றிய நிலையில், கி.மு. 594ஆம் ஆண்டளவில் சோலோன் என்பவரிடம் சட்டமியற்றும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் கடன்களை நீக்கினார். மனித உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடை செய்தார். கிரேக்கர் இதனைச் 'சுமை இறக்கம்' என்னும் பொருள்பட அழைத்தனர். ஆனால், ஏழைகள் கேட்ட நிலப் பங்கீட்டை அவர் செய்யவில்லை.

எபிரேயச் சட்டம் ஒரு படி மேலே சென்றது. எகிப்தில் அடிமைகளாக இருந்தோம் என்னும் நினைவின்மேல் எழுந்த சட்டம் அது. ஏழாம் ஆண்டில் கடன் விடுதலை. ஆறாண்டுகள் உழைத்த எபிரேய அடிமைக்கு விடுதலை. அவரை வெறுங்கையோடு அனுப்பலாகாது என்கிறது உபாகமம். ஐம்பதாம் ஆண்டான யூபிலியில், விற்ற நிலம் பழைய குடும்பத்திற்கே திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம்.

எனினும், இரண்டு சட்டங்களும் ஓர் எல்லைக்கோட்டைக் கிழித்தன. ஏதென்சின் வெள்ளிச் சுரங்கங்களில் பிற நாட்டு அடிமைகள் மடிந்தனர். சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். யூபிலியைப் பேசும் அதே லேவியராகம அதிகாரம், அந்நியரை நிரந்தர அடிமையாக வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. மனிதரை வகுப்புகளாகப் பிரிக்கும் பிளேட்டோவின் திட்டத்தை அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் வர்ணத்தோடு ஒப்பிட்டு மறுத்தது இங்கே நினைவுகூரத்தக்கது. பிறந்தவுடனேயே ஒருவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தும் சாதிச் சமூகத்தில் வாழும் நமக்கு, அக்கோட்டைக் கண்டுகொள்வது கடினமன்று.

இனி நம் சட்டங்களைப் பார்ப்போம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடனை இல்லாமலாக்கியது. அக்கடனுக்காகப் பறிக்கப்பட்ட சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. விடுவிக்கப்பட்டவரைக் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. ஆனால், தலைமுறைகளாக நிலமே இல்லாதவருக்குத் திருப்பித் தர எதுவுமில்லை. சோலோன் நின்ற இடத்திலேயே அச்சட்டமும் நின்றது.

யூபிலிக்கு நெருங்கிய முயற்சி ஒன்றும் நம்மிடம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம். பத்தாண்டுகள் அதனை விற்கக்கூடாது. பின்னரும் தாழ்த்தப்பட்டோருக்கே விற்கலாம். கைமாறிய நிலம் திரும்ப வேண்டும் என்னும் கருத்து அதிலும் உறைகிறது. ஆயினும் அந்நிலங்கள் பெருமளவில் பிறர் கைக்குப் போயின. 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புக்காகப் போராடிய ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

மலைமேல் இக்கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது. சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு கருவி; தோட்டக் குடியிருப்புகளில் வாழும் நிலமற்ற தொழிலாளருக்கோ அதுவும் எட்டாதது. கடனை நீக்கும் சட்டம் உடலை விடுவிக்கும். மீண்டும் கடன் கேட்டு நிற்காத வாழ்வை நிலமே தரும். எந்த நாகரிகத்தையும் நாம் அளக்க வேண்டிய கோல் இதுவே: அதன் விடுதலைச் சட்டம் யாரை வெளியே நிறுத்தியது?