செஸ் புதிருக்கும் உலகப் போட்டி: மார்க் போடுவது எப்படி?

செஸ் பிடிக்கும், ஆனா டோர்னமென்ட்டுக்கு ஊர் ஊராகப் போக நேரமில்லையா? ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டில் இருந்தபடியே உலக அளவில் மோத ஒரு வழி இருக்கு: செஸ் புதிர் அமைப்பது. சென்னையைச் சேர்ந்த சி.ஜி.எஸ். நாராயணன் இதில் பெயர் பெற்றவர்.

புதிர் என்றால்?
காய்களை ஒரு நிலையில் வைத்து, 'வெள்ளை ஆடி 2 நகர்த்தலில் மேட்' என்று சவால் விடுவது. கறுப்பு எப்படி ஆடினாலும் மேட் விழணும். சரியான முதல் நகர்த்தல் ஒன்றே ஒன்றுதான். இன்னொரு வழி இருந்தால் புதிர் அவுட். அந்தப் பிழைக்கு 'குக்' என்று பெயர்.

கம்ப்யூட்டர் போதாதா?
பிழையை சாஃப்ட்வேர் நொடியில் பிடித்துவிடும். அழகா இருக்கா, புதுசா இருக்கா என்பதை மனிதர்தான் சொல்லணும். முதல் நகர்த்தலே செக் என்றால் மதிப்பு குறையும். யாரும் யோசிக்காத அமைதியான நகர்த்தலுக்குத்தான் மவுசு. வேலையில்லாத காய் போர்டில் நிற்கக் கூடாது.

சின்ன ஊர்க்காரருக்கு வாய்ப்பு உண்டா?
உண்டு. முறையான போட்டிகளில் பெயரை மறைத்துத்தான் நடுவரிடம் புதிரைக் கொடுப்பார்கள். ஆனால் முடிவு வந்த பிறகும் யாராவது குக் கண்டுபிடித்தாலோ, அதே ஐடியா முன்பே வந்ததைக் காட்டினாலோ பரிசு கைநழுவலாம்.

உச்சம் எது?
'ஃபிடே ஆல்பம்' தொகுப்பு. 3 நடுவர்கள் தலா 4 வரை மார்க் போடுவார்கள்; 12-க்கு 8 எடுத்தால் இடம் உண்டு. ஆல்பத்தில் 70 பாயின்ட் சேர்த்தால் கிராண்ட்மாஸ்டர் பட்டம்.

எப்படித் தொடங்குவது?
2 நகர்த்தல் புதிர் ஒன்றை அமைத்து, சாஃப்ட்வேரில் சோதித்து, பழைய புதிர்களோடு ஒப்பிட்டுப் பாருங்க. அதன் பிறகு அனுப்புங்க.