டைப்-சி சார்ஜரில் மின்னழுத்தம் முடிவாவது எவ்வாறு?

கைபேசி, நெற்றி விளக்கு, மடிக்கணினி ஆகிய எல்லாவற்றிலும் இன்று ஒரே வடிவத் துளையைக் காண்கிறோம். இதற்கு யு.எஸ்.பி. டைப்-சி என்று பெயர். இதன் விதிமுறை 2014ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மடிக்கணினியின் 65 வாட் சார்ஜரில் 18 வாட் கைபேசியைச் செருகினால் எரிந்து விடுமோ என்று உழவர்கள் ஐயுறுவதுண்டு. விதிமுறைப்படி செய்த சார்ஜரானால் எரியாது. காரணத்தை அறிந்து கொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும் என்பதும் விளங்கும்.

வோல்ட்டும் வாட்டும்

வோல்ட் என்பது மேல்நிலைத் தொட்டியின் உயரம் போன்றது. ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் நீரின் அளவு போன்றது. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட். 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் ஓடினால் 18 வாட் ஆகும். சார்ஜரில் அச்சிட்ட 65 வாட் என்பது அது தரக்கூடிய உச்ச அளவேயாகும். வயலுக்குப் பாயும் நீரை மடை முடிவு செய்வதுபோல, எடுக்கும் மின்னோட்டத்தைக் கைபேசியே முடிவு செய்கிறது. ஆனால் வோல்ட் மிகுந்தால் கருவி கெடும். ஆதலால் அதை முன்னரே பேசி முடிக்க வேண்டியுள்ளது.

பேச்சு நடைபெறும் முறை

இதற்கெனச் செருகியில் 'சி.சி.' என்னும் தனி முனை உள்ளது.

1. மறுமுனையில் கருவி சேரும் வரை டைப்-சி சார்ஜர் மின்சாரம் தராது.

2. கைபேசியின் சி.சி. முனையில் 5,100 ஓம் மின்தடை உண்டு. அதை உணர்ந்ததும் சார்ஜர் 5 வோல்ட் அளிக்கும்.

3. 'பவர் டெலிவரி' முறையுள்ள சார்ஜர் அடுத்துத் தன் பட்டியலை அனுப்பும். எடுத்துக்காட்டாக, 5, 9, 15 வோல்ட்டில் 3 ஆம்பியர். 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர்.

4. கைபேசி தனக்கேற்ற ஒன்றை, 9 வோல்ட் என வைத்துக் கொள்வோம், கேட்கும்.

5. சார்ஜர் இசைவு தெரிவித்து, அழுத்தத்தை உயர்த்தி, ஆயத்தம் எனச் செய்தி அனுப்பும். அதன் பின்னரே கைபேசி கேட்ட அளவு மின்சாரத்தை எடுக்கும்.

பேச்சு நடவாவிடில் 5 வோல்ட்டே நீடிக்கும். சார்ஜ் மெதுவாக ஏறும், கைபேசி கெடாது.

கேபிளுக்கும் இதில் பங்குண்டு. சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்பியர் வரை தாங்கும். 5 ஆம்பியர் செல்ல வேண்டுமானால், தன் தகுதியை அறிவிக்கும் சில்லு கேபிளுக்குள் இருக்க வேண்டும்.

சில விளக்குகளில் சார்ஜ் ஏறாதது ஏன்?

மலிவான சில விளக்குகளில் 5,100 ஓம் மின்தடையை வைக்காமல் விட்டு விடுகின்றனர். அதனால் இருமுனையும் டைப்-சி உள்ள கேபிளில் செருகினால், விளக்கு இருப்பதையே சார்ஜர் உணர்வதில்லை. பழைய அகன்ற யு.எஸ்.பி. துளையோ எப்போதும் 5 வோல்ட் தரும். அதிலிருந்து வரும் கேபிளில் சார்ஜ் ஏறும். எனவே விளக்கு பழுதென்று எறிந்துவிட வேண்டாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

• சார்ஜரின் மேல் அச்சிட்டுள்ள வோல்ட் அளவுகளைப் படிக்கவும். 5 வோல்ட் இல்லாமல் 12 வோல்ட் மட்டும் குறித்திருந்தால், டைப்-சி முனை இருந்தாலும் கைபேசியில் செருகக் கூடாது. அது பேச்சின்றி 12 வோல்ட்டை நேரே செலுத்தக் கூடும்.

• துளையில் ஈரமோ சேறோ உரத்தூளோ இருந்தால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே சார்ஜ் செய்யவும்.

• காப்புறை கிழிந்த கேபிளையும், முனை கருகிய கேபிளையும் உடனே நீக்கவும்.

வாட் மிகுதி கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கேளாமல் வரும் வோல்ட்டுக்கே அஞ்ச வேண்டும்.