நகரசபையில் கேள்வி கேட்பது குற்றமா?

நகரசபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கும் கவுன்சிலரைக் கண்டால் சிலருக்கு வேப்பங்காயாய்க் கசக்கிறது. "வேலையைக் கெடுக்க வந்தவர்" என்கிறார்கள். "பத்திரிகையில் பெயர் வருவதற்காகப் பேசுகிறார்" என்கிறார்கள். "வார்டுக்கு ஒன்றும் கிடைக்காத ஆத்திரம்" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள்.

கேள்வி கேட்காத கூட்டம் எப்படி நடக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பொருள் நிரலில் நாற்பது தீர்மானங்கள் இருக்கும். முதல் தீர்மானத்தை எழுத்தர் படித்து முடிக்கும் முன்பே ஒரு மூலையிலிருந்து "ஆல் பாஸ்!" என்று குரல் எழும். மேசைகள் தட்டப்படும். டீ வரும், வடை வரும். நாற்பது தீர்மானங்களும் நிறைவேறிவிடும். எத்தனை லட்சம் ரூபாய், எந்தத் தெருவுக்கு, எந்தக் காண்டிராக்டருக்கு? கையைத் தூக்கியவரைக் கேட்டால் தலையைச் சொறிவார்!

இதற்குப் பெயர் ஒற்றுமையாம். நாம் கேட்கிறோம்: யாருடைய பணத்தில், யாருக்கு எதிராக இந்த ஒற்றுமை?

பெரியகுளத்தின் கதை

பெரியகுளத்தை எடுத்துக்கொள்வோம். 1882 மே மாதத்தில் வைசிராய் ரிப்பன் ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். நான்கு ஆண்டு கழித்து, 1886-ல், பெரியகுளம் நகரசபை பிறந்தது. தேனி மாவட்டம் 1996-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்கு நகரசபை இருந்திருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலே இதற்கு உள்ள வயது சாதாரணமானதல்ல.

ஆனால் வயது நகரசபைக்கு. வாக்குரிமை யாருக்கு? வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டும் சொத்துக்காரனுக்கே வாக்கு. வண்டி ஓட்டியவனுக்கும், மாந்தோப்பில் கூலி வேலை செய்தவளுக்கும், தெருக் கூட்டியவனுக்கும் அந்தக் கட்டடத்தின் வாசற்படிகூடச் சொந்தமில்லை. சொத்தில்லாதவனும் வாக்களிக்கலாம் என்ற நிலை போராடிப் பெற்றது. அந்த வாக்கைக் கொண்டு நாம் உள்ளே அனுப்பும் ஆள்தான் கவுன்சிலர்.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பெரியகுளத்தில் சுமார் 43 ஆயிரம் பேர். வார்டுகள் 30. வராக நதியின் வடகரையிலும் தென்கரையிலுமாகச் சராசரி ஆயிரத்து நானூறு பேருக்கு ஒரு வாய். அந்த வாய் மூடியிருந்தால் ஆயிரத்து நானூறு வாய்கள் மூடியதாகத்தான் பொருள்.

சேர்மன் நாற்காலியின் பெருமை ஊரறிந்தது. 1996 முதல் 2001 வரை அதில் அமர்ந்த ஓ. பன்னீர்செல்வம் அதே 2001-ல் மாநிலத்தின் முதலமைச்சர் நாற்காலிக்கே போனார். சேர்மன் பதவி ஏணியாகலாம் என்பதை எல்லாரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். கவுன்சிலரின் கேள்வி என்ன ஆகலாம் என்பதைத்தான் தெரிந்து வைத்திருக்கவில்லை.

சட்டம் தந்த உரிமை

கேள்வி கேட்பது சேர்மன் போடும் பிச்சையல்ல. 2023 வரை நமது நகரசபைகளை ஆண்ட 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதிலேயே கவுன்சிலருக்கு மூன்று உரிமைகள் இருந்தன. வேலையில் அசட்டையும் நகரசபைச் சொத்தில் விரயமும் கண்டால் சுட்டிக் காட்டலாம். நிர்வாகத்தைப் பற்றிச் சேர்மனைக் கேள்வி கேட்கலாம். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு ஆபீஸ் நேரத்தில் பதிவேடுகளைப் பார்க்கலாம். வெள்ளைக்காரன் கொடுத்ததை நம்மவர்கள் மறுப்பதா?

கேள்வியால் விளைந்த நன்மைக்குச் சரித்திரத்தில் சான்று உண்டு. 1920-ல் சென்னை நகரசபை, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம்விளக்குப் பள்ளியின் ஏழைப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓரணாச் செலவில் உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிற்காலத்தில் மாநிலம் முழுதும் பரவிய மதிய உணவுக்கு அந்த ஓரணா ஒரு விதை. 1925-ல் அதே நகரசபைக்குள் நுழைந்த சிங்காரவேலர் தொழிலாளியின் குரலை அங்கே கேட்கச் செய்தார். நகரசபை என்றால் சாக்கடைக்கும் தெருவிளக்கும்தான் என்று ஏளனம் செய்பவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கேட்க ஆளில்லாத காலம்

கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதையும் நாம் அனுபவித்திருக்கிறோம்.

2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை ஐகோர்ட் ரத்து செய்தது. அதன் பிறகு நகரங்களில் தேர்தல் நடந்தது எப்போது? 2022 பிப்ரவரி 19-ல். மார்ச் 2-ல்தான் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஐந்து ஆண்டு நான்கு மாதம்! ஒரு மன்றத்தின் முழு ஆயுளைவிட அதிகம்! அத்தனை காலமும் கமிஷனரே தனி அலுவலர். செலவுக்கு அனுமதி கேட்பவரும் அவர், கொடுப்பவரும் அவர். பெரியகுளத்தில் குழாய் உடைந்தாலும் விளக்கு அணைந்தாலும், "எங்கள் வார்டுக் கவுன்சிலரைக் கேள்" என்று சொல்ல ஒருவரும் இல்லை. 1991 முதல் 1996 வரையிலும் இதே கதிதான்.

மன்றம் வந்த மறுமாதமே வந்தது சொத்துவரி உயர்வு. 2022 ஏப்ரலில் சர்க்கார் அறிவித்த கணக்கு இது: சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவிகிதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. மத்திய நிதிக் கமிஷனின் நிபந்தனை என்று காரணம் சொன்னார்கள். புதிதாய் வந்த கவுன்சிலர்களின் முன்னே தீர்மானம் வைக்கப்பட்டது.

வாடகை வீட்டில் இருக்கும் தோழர், "எனக்கென்ன வீட்டுவரி?" என்று இருந்துவிடக் கூடாது. வீட்டுக்காரர் கட்டும் வரி மறுமாத வாடகையில் வந்து நிற்கும். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். 600 சதுர அடி வீட்டை 610 என்று அளந்து எழுதினால் 25 சதவிகிதம் 50 ஆகிவிடும். பத்துச் சதுர அடி, ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடம்கூட இல்லை! அந்த இடத்துக்காக ஏழையின் வரி உயர்வு இரட்டிப்பாகிறது. அளந்தவர் யார், எந்தத் தேதியில் அளந்தார், மறு அளவுக்கு மனுப் போட்டவர் எத்தனை பேர் என்று கேட்க ஒரு கவுன்சிலர் வேண்டாமா?

திருடனை விட்டு வீட்டைப் பூட்டிய கதை

கேள்விக்குப் பதில் மன்றத்தைக் கலைப்பதல்ல. 1973-ல் சென்னை மாநகராட்சியில் மஸ்டர் ரோல் ஊழல் வெளிப்பட்டது. வேலைக்கு வராதவர்களின் பெயரைக் கூலிப்பட்டியலில் எழுதிப் பணம் எடுத்திருந்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? அந்த ஆண்டின் இறுதியில் மன்றத்தையே கலைத்தது. மறுபடி தேர்ந்தெடுத்த மன்றம் வந்தது 1996-ல்! இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் தலைநகரத்து மக்களுக்குக் கவுன்சிலரே இல்லை. பட்டியலில் பொய்ப் பெயர் எழுதியது சிலர். தண்டனை பெற்றது ஊர் முழுதும்.

பக்கத்து மதுரையில் 2025-ல் நடந்ததையும் பார்த்தோம். வரி நிர்ணயக் கணக்கில் புகுந்து, கட்டடங்களின் சொத்துவரியைக் குறைத்துப் பதிந்த முறைகேடு வெடித்தது. மன்றத்துக்குள்ளே கேள்வி எழுந்தது. வெளியே மறியல் எழுந்தது. மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். கைதுகள் நடந்தன. அக்டோபரில் மேயரும் விலகினார். குற்றவாளி யார் என்பது நீதிமன்றம் சொல்லவேண்டியது. நமக்குள்ள பாடம் வேறு. பெரிய கட்டடம் கட்டாமல் விட்ட வரியைச் சின்ன வீடு சுமக்கிறது. கணக்கைக் கேட்டால்தான் இது வெளியே வரும். இந்தத் தடவை மன்றம் கலையவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம்.

என்ன கேட்பது?

"ஊழல், ஊழல்" என்று மேசையைத் தட்டிவிட்டு வெளிநடப்புச் செய்வது கேள்வியாகாது. மறுநாள் பத்திரிகையில் படம் வரும். தெருவில் விளக்கு எரியாது. எண்ணும் தேதியும் உள்ள கேள்விதான் பதிலைப் பிடித்து இழுக்கும்.

தண்ணீரைக் கேட்போம். கொடைக்கானல் மலையின் பேரிஜம் ஏரியும் சோத்துப்பாறை அணையும் பெரியகுளத்துக்குக் குடிநீர் தருபவை. மலையடியில் உள்ள ஊர். 126 அடி அணை நிறைந்து மறுகால் பாயும் நாளில் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒரு முறை தண்ணீர் விட்டார்கள்? குறிப்பேடு எங்கே? பணம் கட்டி இணைப்புக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்? இணைப்பில்லாமல் தண்ணீர் இழுக்கும் பெரிய மோட்டார்கள் எத்தனை?

ஆற்றைக் கேட்போம். மலையிலிருந்து தெளிவாய் இறங்கி ஊர் நடுவே ஓடும் வராக நதியில் ஊர்ச் சாக்கடை எத்தனை இடங்களில் விழுகிறது? அதைத் தடுக்க எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவாயிற்று?

துப்புரவைக் கேட்போம். அன்று மஸ்டர் ரோல். இன்று ஒப்பந்தப் பில். பில்லில் எத்தனை தொழிலாளர்கள், காலை ஆறு மணிக்குத் தெருவில் எத்தனை தொழிலாளர்கள்? அவர்கள் கூலியில் பிடித்த பி.எப். பணம் அவர்கள் கணக்கில் ஏறியதா? கையுறையும் காலணியும் வாங்கியதாக எழுதினால், அவை யார் கையில், யார் காலில்?

ரோட்டைக் கேட்போம். அளவுப் புத்தகத்தில் உள்ள நீளமும் கனமும் தரையில் உள்ளதா? நகரசபைக் கடைகளையும், பஸ் ஸ்டாண்டுக் கட்டண வசூலையும் ஏலம் விட்டது எந்த நாள், எத்தனை பேர் கேட்டார்கள், பாக்கி எவ்வளவு?

வரவைக் கேட்போம். 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் கமிஷன் பெரியகுளம் போன்ற நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 30 சதவிகிதம் குடிநீருக்கும், 30 சதவிகிதம் சுகாதாரத்துக்கும் குப்பை அகற்றலுக்கும் என்று கட்டிவைத்தது. மீதி 40 சதவிகிதத்தையும் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. வரவுசெலவுக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டால்தான் பணம் என்றும் நிபந்தனை போட்டது. ஆகவே "கணக்கைக் காட்டு" என்பது கலகக்காரன் பேச்சல்ல; பணம் தந்தவன் எழுதிய நிபந்தனை! உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடைகள் எத்தனை, அவற்றில் பதில் சொல்லி முடித்தவை எத்தனை என்றும் ஒவ்வோர் ஆண்டும் கேட்கவேண்டும்.

நம்மவர் நாற்காலியில் இருந்தால்?

இங்கேதான் நமது தோழர்களில் சிலர் தயங்குகிறார்கள். "சேர்மன் நம் கட்சிக்காரர்; கேட்டால் எதிரிக்கு இடம் கொடுத்ததாகும்." "கூட்டணிக் கட்சிக்காரர். கேட்டால் உறவு கெடும்." இந்தத் தயக்கத்தை நாம் மூடி மறைக்க விரும்பவில்லை. தேர்தலில் தோளோடு தோள் நின்றவரிடம் கணக்குக் கேட்பது எளிதல்ல என்பது உண்மை.

ஆனால் நாம் கேட்காத கேள்வியை மாற்றான் கேட்பான். அன்று மக்கள் முன்னே குற்றவாளிக் கூண்டில் சேர்மன் மட்டும் நிற்கமாட்டார். வாய் மூடியிருந்த நாமும் நிற்போம். கூட்டணி வாக்குக் கேட்பதற்கு. கவுன்சிலர் கேள்வி கேட்பதற்கு. உறவு கெட்டுவிடும் என்று கணக்கைக் கேட்காத கவுன்சிலருக்கும், கூலி கெட்டுவிடும் என்று சங்கத்துக்கு வராத தொழிலாளிக்கும் என்ன வேறுபாடு? நேர்மையான சேர்மனுக்குக் கேள்வி ஒரு கவசம். பதில் சொல்ல அவர் அஞ்சவேண்டியதில்லை.

பெண் கவுன்சிலர்களைப் பற்றியும் ஒரு சொல். 2016-ல் சட்டம் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஆக்கியது. மன்றத்தில் மனைவி மௌனமாய் அமர, கமிஷனர் அறையில் கணவர் பேரம் பேசும் காட்சிக்காகவா அந்தச் சட்டம்? குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் நின்றவளுக்குத் தெரியாத தண்ணீர்க் கணக்கு வேறு யாருக்குத் தெரியும்? அவள் பேசட்டும். நமது கட்சியில் இந்த வழக்கம் இருந்தால் அதை முதலில் ஒழிப்போம்.

வேலை நம் கையில்

கவுன்சிலர் தனியாக நின்று கேட்டால் மணியடித்து உட்காரவைப்பார்கள். பின்னால் வார்டு நிற்கவேண்டும். 2022-ல் நகரங்களுக்கு வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல் பகுதி சபைகள் கூடின. கிராமசபை போல நகரத்துத் தொழிலாளியும் எழுந்து பேசக்கூடிய இடம் அது. அங்கே நாற்காலி காலியாய்க் கிடந்தால் குறை யாருடையது?

ஒவ்வொரு கிளையும் மாதம் ஒரு நாள் உட்காரட்டும். வார்டிலே எரியாத விளக்கை எண்ணட்டும், வராத தண்ணீரைத் தேதி போட்டு எழுதட்டும். அந்தத் தாளைக் கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர் கையில் கொடுக்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். மறுத்தால் 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடட்டும். வந்த பதிலைத் தெருமுனையில் கரும்பலகையில் எழுதி வைக்கட்டும்.

மன்றத்துக்கு அரசியல் சட்டம் தந்த ஆயுள் ஐந்தே ஆண்டு. அந்த ஆயுள் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2016-ல் அது ஏட்டுச் சுரைக்காயாயிற்று. மறுபடி அப்படி ஆகவிடாமல் காப்பதும் கேள்வி கேட்பவர்களின் வேலைதான். மன்றம் இருக்கும்போது அதில் கணக்குக் கேட்காதவன், மன்றம் இல்லாதபோது தேர்தல் கேட்க எந்த வாயைத் திறப்பான்?

வடகரையானாலும் தென்கரையானாலும், வரி கட்டுபவன் நீ. வாக்களித்தவன் நீ. கேள், தோழா! பதில் வரும்வரை கேள்!