ஆகஸ்டில் இடறும் மழைக்கணக்கு

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு மழைக்கணக்கு உயிர்நாடி. மார்ச், ஏப்ரலில் பூ மழை எவ்வளவு பெய்தது, அடுத்த மழை எத்தனை நாள் கழித்து வந்தது என்பதை வைத்தே அந்த வருட விளைச்சலைக் கணிக்கிறார்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. தோட்டக்காரர்களின் பேச்சில் மழையை அங்குலத்திலும் சென்டிலும் சொல்லும் வழக்கம் இன்னும் உண்டு; ஓர் அங்குலத்துக்கு நூறு சென்ட். வானிலைத் துறையின் கணக்கோ மில்லிமீட்டரில்.

மழை அளவைக் குறித்துவைத்த குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றியிருக்கும் தோட்டத்தை எண்ணிப்பாருங்கள். லினக்ஸ் தெரிந்த பையன் ஒருவன், பாஷ் ஷெல்லில் ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறான். கிரெப், கட், சார்ட் மூன்றையும் பைப்பில் கோத்தால் பத்து வரியில் மாதக் கணக்கு வந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் நிரல்களை ஒன்றோடொன்று இணைத்து வேலை வாங்குவதில் ஷெல்லுக்கு நிகர் கிடையாது.

ஜனவரி முதல் ஜூலை வரை ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடும். ஆகஸ்டில் பிழைச் செய்தி வரும். தேதியில் மாதம் ‘08’ என்று இருக்கிறது. முன்னால் சுழியம் நின்றால், கணக்குப் போடும்போது பாஷ் அதை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. 07 வரை கோளாறு வெளியே தெரியாது, 10 வந்ததும் மறுபடி சரியாகிவிடும். மலையில் நல்ல மழை விழும் ஆகஸ்டும் செப்டம்பரும்தான் மாட்டிக்கொள்ளும்! அதைச் சரிசெய்தால் அடுத்த முட்டுக்கட்டை. 1.20 அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கினால் 30.48 மில்லிமீட்டர். பாஷுக்குத் தசமப் புள்ளி தெரியாது, முழு எண் மட்டும்தான். தசமக் கணக்குத் தெரிந்த ஆக் (awk) நிரலை அழைக்க வேண்டும், அல்லது பிசி (bc) நிரலை. ஒற்றை மேற்கோளுக்குள் ஆக், அதற்குள் ஷெல் மாறி, அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் என்று ஆறு மாதம் கழித்து எழுதியவனுக்கே புரியாத ஒன்றாக ஸ்கிரிப்ட் ஆகிவிடும்.

பெர்ல் என்ற நிரல்மொழிக்கு மாற வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. நிரல்களை ஓட்டுவதோடு நிற்காமல், தகவலைக் கையில் பிடித்துக் கணக்குப் போடத் தொடங்கியதும் ஷெல்லின் எல்லை வந்துவிடுகிறது.

மொழியியல் படித்த லாரி வால், இதே எல்லையில் நின்றுதான் பெர்லை உருவாக்கினார். அறிக்கை தயாரிக்கும் வேலைக்கு ஆக் போதவில்லை. 1987 டிசம்பரில் முதல் பதிப்பு வெளிவந்தது. ஷெல், செட், ஆக், சி ஆகியவற்றிலிருந்து வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்ட மொழி என்பதால், ஷெல் தெரிந்தவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும். டாலர் குறி போட்ட மாறி, பின்மேற்கோளுக்குள் எழுதி ஓட்டும் கட்டளை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் எல்லாம் அங்கேயும் உண்டு. கோப்பிலிருந்து படித்த ‘08’ அங்கே வெறும் எட்டுதான். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவின் பெயருக்கும் எதிரே அதன் மொத்த மழையை வைக்க ‘ஹாஷ்’ இருக்கிறது. பாஷுக்கு இந்த வசதி 2009இல், நான்காம் பதிப்பில்தான் வந்தது.

1990களில் மனித மரபணுத் திட்டத்தின் ஆய்வகங்கள் ஆளுக்கொரு வடிவத்தில் தகவலை வைத்திருந்தபோது, அவற்றை ஒன்றுக்கொன்று புரியவைக்கும் வேலையில் பெருமளவு பெர்ல்தான் கைகொடுத்தது. அதோடு ஒப்பிட்டால் அங்குலமும் மில்லிமீட்டரும் சிறு விஷயம்.

தமிழில் வேலை செய்பவர்களுக்குத் தனிக் காரணமும் உண்டு. ‘ஏற்காடு’ என்ற சொல்லை ஷெல்லில் டபிள்யூசியிடம் கொடுத்து எண்ணச் சொன்னால், பைட் கணக்கில் 21 என்று சொல்லும்; குறியெழுத்துக் கணக்கில் 7 என்று சொல்லும். பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் நான்கு எழுத்து என்பாள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் சேர்ந்த குறியைக் கொடுத்தால் பெர்ல் அந்த நான்கையும் சரியாகப் பிரித்துத் தரும்: ஏ, ற், கா, டு. கோப்பு யுடிஎஃப்-8 என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரிவுப் பெயர்களைத் தமிழில் எழுதி, பட்டியலை நேராக அடுக்க நினைப்பவருக்கு இது சின்ன உதவி இல்லை.

இன்று புதிதாக நிரல் கற்பவர்கள் பெரும்பாலும் பைத்தானுக்குப் போகிறார்கள், அதில் தவறில்லை. ஷெல்லில் ஊறியவருக்கோ பெர்ல் பக்கத்து ஊர். டெபியன் போன்ற லினக்ஸ்களில் அதன் அடிப்படைப் பகுதி தானாகவே வந்துவிடுகிறது. கையேட்டையும் ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி எழுத வேண்டாம். கோப்பை நகலெடுப்பதும், குறித்த நேரத்தில் ஓட்டுவதும் ஷெல்லிடமே இருக்கட்டும். கூட்டலும் மாற்றலும் நடக்கும் நடுப்பகுதியை மட்டும் முதலில் பெர்லுக்குக் கொண்டுபோங்கள். முதல் வரிகளில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ இரண்டும் இருக்கட்டும். மாறியின் பெயரைத் தப்பாக அடித்தால் ஷெல் வழக்கமாக அதை வெறுமையாக எண்ணிக்கொண்டு மேலே போய்விடும். பெர்ல் நிரலை ஓட்டவே மறுத்து, வரி எண்ணோடு சொல்லும். பழைய ஸ்கிரிப்டையும் புதியதையும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். செப்டம்பர் முடியும்வரை பழையதை அழிக்காதீர்கள்.